கை தூக்கியவர் காரணம் சொல்ல வேண்டும்

ஜூன் 10, செவ்வாய்

பொன்னையா கல்வி அறக்கட்டளையின் பாடநூல் குழு இன்று முதல் முறையாகக் கூடியது. பாளையங்கோட்டையில் அவர்களுடைய பெரிய பள்ளியின் நூலக அறை. நான் சீக்கிரமே போய்விட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றபோது உள்ளேயிருந்து ஓர் அம்மாள், "கழட்ட வேண்டாம் சார், தரை பூரா தூசி" என்றார்கள். அவர்கள்தான் தங்கபுஷ்பம் டீச்சர். இதே பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர்கள். கணவர் காலமாகிவிட்டார் என்று பிறகு செயலாளர் சொன்னார். நான் கேட்கவில்லை.

குழுவின் வேலை இது. இந்தப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்கு ஒரு பூகோளத் துணைப்பாட நூல் உண்டு. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் 'நினைவில் கொள்க' என்று ஒரு பக்கம் வரும். நதிகள், மலைகள், தலைநகரங்கள், எங்கே என்ன விளைகிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறுநாள் ஒப்பிக்க வேண்டும். அந்தப் பக்கங்களை வைத்துக்கொள்வதா, எடுத்துவிட்டு முழுக்கச் செய்முறைப் புத்தகமாக மாற்றுவதா என்று நாங்கள் முடிவு சொல்ல வேண்டும்.

வாக்கு உள்ளவர்கள் ஐந்து பேர். இரண்டு தலைமையாசிரியர்கள் பக்கங்கள் இருக்க வேண்டும் என்கிறார்கள். சென்னையிலிருந்து வரும் ஆலோசகர் நித்திலன், இளைஞர், எடுக்க வேண்டும் என்கிறார். டீச்சரும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். மீதி நான். கல்லூரியில் பூகோளம் நடத்தியவன் என்பதால் அழைத்திருக்கிறார்கள். என் மனம் 'நினைவில் கொள்க' பக்கம்தான். ஆனால் அதைச் சொல்வதற்குள் தேநீர் வந்துவிட்டது.

செயலாளர் மாசானமுத்து ஒரு விதி சொன்னார். "அய்யா, நிறுவனர் காலத்து வழக்கம் ஒண்ணு இருக்கு. இங்க சும்மா கைய தூக்கினா ஓட்டு ஆகாது. எந்திரிச்சு நின்னு, ஏன் தூக்குனேன்னு காரணம் சொல்லணும்."

கேட்டதிலிருந்து எனக்கு அதே யோசனை. ஆயுள் முழுக்க வகுப்பு நடத்தியிருக்கிறேன். ஒருநாளும் எழுதி மனப்பாடம் செய்யாமல் வகுப்புக்குள் நுழைந்ததில்லை. 'உட்காருங்கள்' என்பதைக்கூட எழுதி வைத்திருப்பேன்.

டீச்சர் நீலக் கரைப் புடவை.

ஜூன் 11, புதன்

சாரல். ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கினேன். நேற்றைய குறிப்பின் கடைசி வரி எதற்கு என்று தெரியவில்லை. அடித்துவிடலாம் என்று எடுத்தேன். உண்மைதானே, இருக்கட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டாம் கூட்டம். நித்திலன் தன் கைபேசியை மேசைமேல் வைத்து, "கங்கையோட நீளம் கேளுங்க சார். மூணு செகண்ட்ல சொல்றேன். இத எதுக்கு ஒரு கொழந்த தலையில ஏத்தணும்?" என்றார்.

தலைமையாசிரியர்களில் ஒருவர், "கரண்ட் போச்சுன்னா?" என்று கேட்டார்.

"இது பேட்டரில ஓடுது சார்."

எல்லோரும் சிரித்தோம். கேட்டவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

டீச்சர் சிரித்து முடித்து, "தம்பி, எல்லாம் போன்ல இருக்குதான். என்னத்தத் தேடணுங்கறது போன்ல இல்லையே" என்றார்கள். நான் சொல்ல நினைத்தது அது. எதிர்த்தரப்பே சொல்லிவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அவர்கள் தங்கள் காரணத்தைச் சொன்னார்கள். "என் கிளாஸ்ல ஒரு பிள்ளை. 'தாமிரபரணி பொதிகை மலையில் உற்பத்தியாகி'ன்னு கடகடன்னு சொல்லுது. சன்னலுக்கு வெளிய அந்த மலை நிக்குது சார். அன்னைக்கு மேகமே இல்ல. பிள்ளை மலைக்கு முதுகைக் காட்டிட்டு நின்னு மலை பேரை ஒப்பிக்குது. 'திரும்பிப் பாரு'ன்னேன். பாத்துட்டு, 'இது எந்த மலை டீச்சர்?'ங்குது."

 நான் அந்தப் பிள்ளையை மனத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. அந்தக் கேள்விக்கு 'பொதிகை' என்று பதில் வந்தவுடன், ஏற்கெனவே மனத்திலிருந்த பெயரும் எதிரே நிற்கும் மலையும் ஒன்றாகியிருக்குமே. பெயரே தெரியாத பிள்ளைக்கு அந்த நிமிடம் கிடைக்காதே. இதை எழுத்தில் அழகாகச் சொல்கிறேன். அங்கே சொல்லவில்லை.

கருநீலக் கரை. (வருகைப் பதிவு போல இருக்கட்டும்.)

ஜூன் 24, செவ்வாய்

வீட்டில் சமையல் செய்யும் முப்பிடாதி இன்று, "என்ன அண்ணாச்சி, செவ்வாக்கிழமைன்னா மட்டும் சட்டைய தேய்ச்சுப் போடுதிய?" என்று கேட்டாள்.

"கூட்டம் இருக்கு."

"போன வருசமும் ஏதோ கூட்டத்துக்குப் போனிய. அன்னைக்கு இந்தப் பவுசு இல்லையே."

 ரசத்தில் உப்பு கூடுதல் என்றேன். அது கூடுதலாக இல்லை.

கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தம் வரை டீச்சரும் நானும் ஒன்றாக நடந்தோம். வழி ஒன்று, அவ்வளவுதான். அவர்கள் மகன் கோயம்புத்தூரில் இருக்கிறாராம். தனியாக இருக்க வேண்டாம், வந்துவிடு என்று நச்சரிக்கிறாராம்.

"வேலை ஒண்ணு இருக்குன்னு சொன்னா விட்டுருவான் சார். சும்மா இருக்கேன்னு சொன்னா விட மாட்டான். செய்முறைப் புத்தகம்னு முடிவாச்சுன்னா, ஆசிரியர் கையேடு எழுதுத வேலைய எனக்குத் தாரேன்னு செயலாளர் சொல்லியிருக்காரு. வளாகத்துலயே வீடும் உண்டு. இல்லேன்னா ஆகஸ்ட்ல கெளம்பணும்."

"அப்படியா" என்றேன்.

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"கோயம்புத்தூர் நல்ல ஊர். தண்ணீர் ருசியாக இருக்கும்" என்றேன். சிறுவாணித் தண்ணீர் பற்றி நான் படித்தது. அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே பேருந்தில் ஏறினார்கள்.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். அங்கே இரண்டு, இங்கே இரண்டு. மீதி நான். இதில் யோசிக்க எதுவுமில்லை, புத்தகத்துக்கு எது நல்லதோ அது. ஆனாலும் இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

பெரிய தவறு ஒன்று செய்துவிட்டேன்.

டீச்சரும் நானும் மாதிரிக்கு ஆளுக்கு ஒரு பாடம் எழுதிப் போன வாரம் மாற்றிக்கொண்டோம். அவர்களுடைய பாடம் பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலைப் பற்றியது. வாசித்து, குறிப்புகள் எழுதித் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. நான் வழக்கம்போலச் சிவப்பு மையில் ஒற்று திருத்தி, ஒரு பத்திக்குச் 'சிறப்பு' என்று எழுதி, இன்று கூட்டத்தில் கொடுத்தேன். டீச்சர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்கள். முகம் மாறியது. எட்டிப் பார்த்தேன். அடியில் வட்டம் போட்டு, பத்துக்கு ஏழு என்று மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

போட்டதே எனக்கு நினைவில்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

"மன்னிக்கணும் டீச்சர், பழக்கம்" என்றேன். 

"மூணு மார்க்கு எங்க போச்சுன்னு சொல்லுங்க சார்" என்றார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 2, புதன்

பள்ளி அலுவலகப் பையன் மூலம் என் பாடம் திரும்பி வந்தது. பச்சை மை. பத்துக்கு ஐந்து. அடியில், 'கையெழுத்துக்கு மட்டும் முழு மதிப்பெண். பெற்றோரை அழைத்து வரவும்.'

காலையிலிருந்து அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இப்போதைக்கு நிலப்படப் புத்தகத்துக்குள் இருக்கிறது, ஆசியா பக்கத்தில்.

ஜூலை 8, செவ்வாய்

டீச்சர் தங்கள் தரப்பை ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்தார்கள். மற்றவர்கள் வாசிக்காமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்கள், நான் வாசித்தேன். நடை நன்றாக இருக்கிறது. ஓரிடம் மட்டும் எடுத்து எழுதிக்கொள்கிறேன்: 'பிள்ளை கேட்காத கேள்விக்கெல்லாம் நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது வாங்கிக்கொள்கிறது, வைத்துக்கொள்வதில்லை. தானே பார்த்ததைத் தன் வாயால் சொல்லத் தெரிந்துவிட்டால், பெயர் பின்னால் வந்து சேரும்.'

எனக்கு உடன்பாடு இல்லை. பெயர் தானாக வந்து சேராது, யாராவது சொல்லித்தான் வர வேண்டும். ஆனால் அந்தக் காற்புள்ளியைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

பச்சைக் கரை.

ஜூலை 15, செவ்வாய்

மாதிரி வகுப்பு. டீச்சர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வாய்க்கால் கரைக்கு அழைத்துப்போனார்கள். குழுவும் பின்னால் போனது. கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், நிறைய ஓடியது. வேப்பிலையைப் போட்டு அது போகும் வேகத்தைப் பார்ப்பது, கலங்கல் எங்கே தெளிகிறது என்று குறிப்பது, இப்படிப் பாடம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் கரையில் நின்ற கொக்குகள் பறந்துவிட்டன.

ஒரு சிறு பெண், "டீச்சர், இந்தத் தண்ணி கடைசியில எங்க போவுது?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியும். எந்தக் குளத்தில் சேர்கிறது, அதற்கு முன் எந்தெந்தக் குளத்தை நிரப்புகிறது, எல்லாம் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. டீச்சர் என் பக்கம் திரும்பி, வாயில் விரலை வைத்தார்கள். நான் அடக்கிக்கொண்டேன். பெண்ணிடம், "நீ என்ன நினைக்க?" என்று கேட்டார்கள். அவள், "கடலுக்குப் போவுமோ?" என்றாள். "இருக்கலாம்" என்றார்கள். இருக்காது! அது கடலுக்குப் போகாது!

திரும்பும்போது கேட்டேன். மன்னிப்புக் கேட்டதைத் தவிர, இந்தக் குழுவில் நான் முதல் முறையாக வாய் திறந்து பேசியது அதுதான் என்று நினைக்கிறேன்.

"ஏன் டீச்சர் சொல்லவில்லை? பாவம், கேட்டதே?"

"இப்பமே சொல்லிட்டா அதோட முடிஞ்சு போகும் சார். ரெண்டு நாள் அது தூங்காம யோசிக்கும்."

"யோசித்துக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லையே அது. யாராவது சொன்னால்தானே உண்டு."

"சொல்லாம விட மாட்டேன். வெள்ளிக்கிழமை சொல்லுவேன். அதுவரைக்கும் ஏங்கட்டுமே. ஏங்குனாத்தான் நிக்கும்." நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "உங்க முகத்தப் பாக்கணுமே சார். சொல்லாம இருக்கது உங்களுக்கு அவ்வளவு கஷ்டமா?"

"எனக்கு அது பழக்கம்தான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

தலைமையாசிரியர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். "உங்க ஓட்டு நம்ம பக்கம்தானே? பூகோளக்காரர் நீங்களே மாத்திப் போட்டுறாதீங்க." எப்படி மாற்றுவேன் என்றேன். வைத்த பிறகும் அந்தச் சொல் காதில் இருந்தது. மாற்ற முடியும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

கூட்டத்துக்கு டீச்சர் வரவில்லை. மகன் வந்திருக்கிறார், வீட்டுச் சாமான்களைப் பார்த்து எதை எடுத்துப்போகலாம் என்று முடிவு செய்கிறார் என்று செயலாளர் சொன்னார். அடுத்த வாரம் வாக்கெடுப்பு.

அந்த அறை இவ்வளவு பெரியது என்று இதுவரை தெரியாது.

ஜூலை 25, வெள்ளி

இரண்டு பக்கத்துக்கும் காரணங்களை எழுதினேன். 'வைத்துக்கொள்ள' என்ற தலைப்பின் கீழ் தாள் நிறைந்தது. 'எடுத்துவிட' என்பதன் கீழ் என் சொந்தக் காரணம் ஒன்றுகூட வரவில்லை. ஒன்று வந்தது. அதை எழுதவில்லை.

ஜூலை 28, திங்கள்

முப்பிடாதி, "என்ன அண்ணாச்சி, காலையில இருந்து உங்களுக்குள்ளயே பேசிக்கிட்டு நடக்கிய? பரிச்சையா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

செயலாளர், 'நினைவில் கொள்க' பக்கங்கள் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். தலைமையாசிரியர்கள் இருவரும் தூக்கினார்கள். ஒருவர் தேர்ச்சி விகிதம் என்றார். மற்றவர் அதையே சொன்னார். என்னைப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன். அடுத்து, எடுக்க வேண்டும் என்பவர்கள். நித்திலன் தூக்கினார். டீச்சர் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

தலைமையாசிரியர்களில் ஒருவர் "ஏங்க?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார்.

எழுந்து நின்றேன்.  சொற்கள் தடையில்லாமல் வந்தன. "பிள்ளை கேட்காத கேள்விக்கெல்லாம் நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அது வாங்கிக்கொள்கிறது, வைத்துக்கொள்வதில்லை." இறுதிவரை சொன்னேன். எங்கும் திக்கவில்லை. நித்திலன் கைதட்டினார். செயலாளர், "அய்யா பேசுனா பேசுததுதான்" என்றார்.

டீச்சர் கைதட்டவில்லை. என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் நான் பக்கத்தில் போய் நின்றதும் சொன்னார்கள். "அது என் எழுத்து சார். ஒரு சொல் மாறல."

"ஆமாம்."

"நீங்க நம்பி சொன்னீங்களா?"

குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

"ஒப்பிச்சீங்க." குரலை உயர்த்தவில்லை. "காலம் பூரா நான் எதை வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டு இருந்தேனோ, அதை எனக்காகவே செஞ்சிட்டீங்க. மலைக்கு முதுகைக் காட்டி நின்ன பிள்ளை தேவல, அதுக்குத் தெரியாது. நீங்க பூரா தெரிஞ்சு பண்ணியிருக்கீங்க."

"நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்றுதான்..."

"நான் ஜெயிக்கல சார். நீங்க என்ன நினைக்கீங்கன்னு ஒருநாளாவது வாயத் திறந்து சொல்லி, அதுல நான் தோத்திருந்தா சந்தோசமா ஊருக்குப் போயிருப்பேன்."

பேருந்து வந்தது. அது அவர்கள் பேருந்து இல்லை. ஏறிப் போய்விட்டார்கள்.

ஜூலை 30, புதன்

வெளியே போகவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நிதானமாக யோசித்தால், எதுவும் செய்ய வேண்டியதில்லை. நான் சும்மா இருந்தால் போதும். கையேட்டு வேலை டீச்சருக்கு வரும். வளாகத்தில் வீடு கிடைக்கும். மகன் விட்டுவிடுவார். என்றாவது வழியில் பார்க்கலாம், வணக்கம் சொல்லலாம். கோபம் வடிந்தால் பேசவும் செய்வார்கள்.

சும்மா இருப்பது எனக்கு நன்றாக வரும். இந்த ஒரு முறை அது ஏன் வரமாட்டேன் என்கிறது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தேங்காய் வாங்கினேன். மின்கட்டணம் கட்டினேன். போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு தபாலில் வந்தது. 'திரு. ஆவுடைநாயகம் அவர்கள் விளக்கிய ஆழமான காரணம்' என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் இதை வாசித்து உறுதி செய்வார்களாம். உறுதி செய்யும்வரை திருத்தம் சொல்லலாம் என்று கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருந்தது. அந்த வரியை ஏன் இவ்வளவு கவனமாக வாசித்தேனோ.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாளை பேச வேண்டியதை எழுதத் தொடங்கினேன். ஒரு வாக்கியத்துக்கு மேல் நகரவில்லை. கிழித்துவிட்டேன். எழுதாமலே போகப் போகிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

செயலாளர் குறிப்பை வாசித்து, "உறுதி செஞ்சிரலாமா?" என்றதும் நான் எழுந்தேன்.

"ஒரு திருத்தம்" என்றேன். "என் வாக்கு."

"வாக்குல என்ன திருத்தம் அய்யா?"

"நான் தூக்கிய கை தப்பு."

நித்திலன், "சார், இப்படில்லாம் மாத்த முடியுமா?" என்றார். தலைமையாசிரியர் ஒருவர், "உறுதி பண்ணலைல்ல தம்பி, மாத்தலாம்" என்று வேகமாகச் சொன்னார். செயலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சரி. ஆனா காரணம் சொல்லணும்" என்றார்.

டீச்சர் நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்காமல் புத்தக அலமாரியைப் பார்த்துப் பேசினேன். சரியாகப் பேசவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். நினைவிருக்கிறவரை எழுதுகிறேன்.

என் அப்பா ரயில்வேயில் கேட் கீப்பர் என்றேன். வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. சுற்றிலும் உடங்காடு, வெறும் முள்மரங்கள். விளையாட ஆள் கிடையாது. எங்கள் வாத்தியார் நதிகளின் பெயர்களை ஒப்பிக்க வைத்தார். ஐராவதி, டான்யூப், வோல்கா. ஒன்றும் புரியாது. அடிக்குப் பயந்துதான் படித்தேன். "ஆனால் ஐராவதி என்ற பெயர்... அது வந்த பிறகுதான்..." இங்கே நின்றுவிட்டேன். யாரும் உதவிக்கு வரவில்லை. நல்லது.

"அது வந்த பிறகுதான் எனக்கு இல்லாத ஒன்று எங்கேயோ இருக்கிறது என்று தெரிந்தது. கேட்டை மூடிவிட்டு நிற்கும்போது, போகிற வண்டி அங்கே போகிறது என்று நினைத்துக்கொள்வேன். பிள்ளை கேட்கட்டும், பிறகு சொல்லலாம் என்கிறார்கள் டீச்சர். பிள்ளை ஏங்கட்டும் என்கிறார்கள். சரிதான். ஆனால் ஒன்றுக்கு ஏங்க வேண்டுமென்றால் அதன் பெயராவது தெரிந்திருக்க வேண்டுமே. என்னை மாதிரிப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். எதைக் கேட்பது என்றும் தெரியாது, கேட்கப் பயமும் இருக்கும். அவர்களுக்கு யாராவது முதலில் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பக்கங்கள் இருக்கட்டும்."

உட்கார்ந்துவிட்டேன். பிறகு மறுபடி எழுந்து, "வாய்க்கால் பாடம் நல்ல பாடம். அதுவும் இருக்கட்டும்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

மூன்றுக்கு இரண்டு. பக்கங்கள் தங்கின. வாய்க்கால் பாடத்தைச் சேர்த்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார்கள். செய்முறைப் புத்தகம் இல்லை, எனவே ஆசிரியர் கையேடும் இல்லை என்று செயலாளர் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

எல்லோரும் எழுந்த பிறகும் டீச்சர் உட்கார்ந்திருந்தார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனபோது, "சார்" என்றார்கள்.

திரும்பினேன்.

"இன்னைக்கு நான் தோத்தேன்" என்றார்கள். கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.  

என்ன கரை என்று பார்க்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போனேன். டீச்சர் வரவில்லை. இருபதாம் தேதி காலை வண்டியில் போகிறார்களாம். செயலாளர்தான் சொன்னார். அவராகவே சொல்லவில்லை, இந்த முறை நான் கேட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கூட்டம் இல்லாத செவ்வாய். சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். முப்பிடாதி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

திருநெல்வேலி நிலையத்துக்குப் போனேன். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். மகன் தண்ணீர் வாங்க இறங்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"வந்துட்டீங்களா" என்றார்கள்.

"ஆமாம்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழ வண்டிக்காரன் ஒருவன் என்னை நகரச் சொன்னான். நகர்ந்து மறுபடி வந்து நின்றேன்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு உங்க நெஞ்சுக்கு ஒட்டாத பக்கம் எதுக்குக் கை தூக்கினீங்க? திருத்தத்துக்குக் காரணம் சொன்னீங்க. அதுக்கு இன்னும் சொல்லலியே."

வண்டி கிளம்பும் நேரம் ஆகிவிட்டது. வேறு வழியில்லை.

"நீங்கள் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்றுதான்" என்றேன்.

டீச்சர் முந்தானை நுனியை விரலில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினார்கள்.

"முன்னாலயே சொல்லியிருக்கலாமே சார்."

"எழுதி எழுதிப் பார்த்தேன் டீச்சர். மனப்பாடம் ஆகவில்லை."

சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் வீட்டு மாடியில சாயங்காலம் நல்லா காத்து வருமாம்" என்றார்கள்.

"வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அங்கே ஓர் இடைவெளி..."

"எப்படி இருக்கும்?"

"தெரியாது. அங்கே போனதில்லை. படித்ததுதான்."

"அப்ப வாங்க" என்றார்கள். "வந்து, இதுதான் அதுன்னு எனக்குக் காட்டுங்க."

மகன் ஓடி வந்து ஏறினார். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். இந்த வயதில் அப்படி நடக்கக்கூடாது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முன்பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கோயம்புத்தூர், ஒரு பயணச்சீட்டு, ஜன்னலோரம் கிடைத்தால் நல்லது என்றேன். கிடைத்தது. பணியில் இருந்த பெண், "திரும்பி வரதுக்கும் போட்டுரட்டா சார்? என்னைக்கு?" என்று கேட்டாள்.

பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவள் விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நாள்காட்டியைப் பார்த்தேன். யோசித்தேன்.

வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை.